லயத்துக்குள் ஐந்து மாடி

தோட்டத்துக் காலம் – 23

சென்ற வாரம் துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் நிறுத்தினோம். துண்டாடல், சங்கம், கூலி எல்லாம் எழுதியாயிற்று. தோட்டங்களின் கடைசித் தலைமுறைப் பிள்ளைகள் என்ன விளையாடினார்கள்? அதுவும் வரலாறுதான்.

சுங்கை சிப்புட்டிலும் பத்து காஜாவிலும் ரப்பரைச் சாய்த்துச் செம்பனை நட்டுக்கொண்டிருந்த காலம். பிள்ளைகள் 'குங்ஃபூ' என்று அழைத்த வீடியோ ஆட்டம் ஒன்று லயத்து வீடுகளுக்குள் வந்தது. ஜப்பானில் அதன் பெயர் 'ஸ்பார்டன் எக்ஸ்'. ஐரெம் நிறுவனம் 1984இல் காசு போட்டு ஆடும் பெட்டியாக வெளியிட்டது. மறு ஆண்டே நின்டெண்டோ அதை வீட்டுத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தது. திரையைப் பக்கவாட்டில் நகர்த்த அப்போது கற்ற வித்தைதான் 'சூப்பர் மாரியோ'வுக்கும் உதவியது. ஆக்கியவர் தக்காஷி நிஷியாமா. மாடிக்கு மாடி ஒரு எதிரி என்ற அமைப்பை புரூஸ் லீயின் 'கேம் ஆஃப் டெத்' படத்திலிருந்து எடுத்தார். 1987இல் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' தந்தவரும் இவரே.

நின்டெண்டோவின் அசல் பெட்டி வாங்கத் தோட்டத்துச் சம்பளம் எங்கே போதும்? தைவான்காரர்களின் 'மைக்ரோ ஜீனியஸ்' என்ற நகல் பெட்டி வந்துதான் வழி பிறந்தது. பாசார் மாலாமில் பேரம் பேசி வாங்கலாம். ஒரே கேசட்டில் பல ஆட்டங்கள் இருக்கும். 'குங்ஃபூ' ஏறத்தாழ 40 கிலோபைட்தான். அதனால் அப்படிப்பட்ட கேசட்டுகளில் அதற்கு எளிதாக இடம் கிடைத்தது.

ஒரு பொத்தான் குத்து, இன்னொன்று உதை. முதல் மாடியில் வலமிருந்து இடமாக நடக்க வேண்டும், அடுத்த மாடியில் இடமிருந்து வலமாக. ஓடிவந்து கட்டிப்பிடிக்கும் அடியாட்கள் உயிரை உறிஞ்சுவார்கள். இடமும் வலமுமாக விசையை உலுக்கி உதற வேண்டும். உதையைவிடக் குத்துக்கு மதிப்பெண் அதிகம், ஏனென்றால் எதிரி அருகில் வரும்வரை பொறுக்க வேண்டும். முதல் மாடிக் காவலன் கையில் கம்பு. மாரியம்மன் கோயில் திருவிழாவில் சிலம்பம் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அவனை வெல்ல யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கம்பின் வீச்சுக்குள் நெருங்கிவிட்டால் கம்புக்காரன் கை கட்டப்பட்டவன்.

ஆட்டத்தின் நாயகன் தாமஸ், சிறைப்பட்ட சில்வியா ஆகிய பெயர்கள் 'வீல்ஸ் ஆன் மீல்ஸ்' படத்தவை. ஜாக்கி சான் நடிக்க, சம்மோ ஹங் 1984இல் இயக்கிய படம் அது. அதே சம்மோ ஹங் அதே ஆண்டில் 'தி ஆவுல் வெர்சஸ் பம்போ' படத்தில் ஒரு புதுமுகத்தை நடிக்கவைத்தார்: ஈப்போவில் 1962இல் பிறந்த மிஷல் இயோ. மறு ஆண்டு 'யெஸ், மேடம்' படத்தில் அந்த ஈப்போப் பெண் ஆண்களைப் புரட்டி எடுத்தார்.

ஆட்டத்திலோ சில்வியா ஐந்தாம் மாடியில் நாற்காலியோடு கட்டுண்டு கிடப்பாள். மீட்டாலும் நிம்மதி நிலைக்காது. மறுபடி முதல் மாடி, மறுபடி அவள் சிறையில். எங்கள் லயத்து அக்காமாருக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. எனக்கும்தான். கையில் விசை கிடைத்ததும் அவர்கள் தம்பிகளைவிட வேகமாக மாடியேறினார்கள். மிஷல் இயோ படக் கேசட்டை வாடகைக்கு எடுத்துவரச் சொல்லி அண்ணன்மாரைப் பட்டணத்துக்கு அனுப்பியதும் அவர்கள்தான்.

(தொடரும்)