அறபுக் குதிரைக்கு ஊர் எது?

எங்கள் பக்கத்தில் குதிரை அபூர்வம். மட்டக்களப்பு வாவிக் கரையில், அமிர்தகழியிலே பிறந்து வளரும் ஒரு பிள்ளை எருமையைக் காணும், மாட்டைக் காணும், ஆட்டைக் காணும். குதிரையைப் படத்தில்தான் காணும். ஆனாலும் வகுப்பில் குதிரை அடிக்கடி வந்துவிடும். அநுராதபுரத்தை 22 ஆண்டுகள் ஆண்ட சேனன், குத்திகன் என்ற தமிழர் இருவரும் குதிரைகளைக் கப்பலேற்றி வந்த ஒருவனின் மைந்தர்கள் என்று மகாவம்சம் சொல்கிறது. அதைப் படிப்பிக்கும்போதெல்லாம் 'குதிரையின் தாயகம் அறபு நாடு' என்று ஒரு வசனத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுவேன். எந்த நூலிலும் பார்த்துச் சொன்னதல்ல. என் வாப்பா சொன்னது, அவருக்கு அவருடைய வாப்பா சொன்னது.

ஒருநாள் பின்வாங்கிலிருந்த பொடியன் ஒருவன் எழும்பினான். "சேர், அறபு நாடு பாலைவனமெண்டா, குதிரை திண்ட புல்லு எங்க இருந்து வந்தது?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்து வருடங்களாகச் சொல்லி வந்த ஒரு வசனத்தை ஒரு நாள்கூட நான் நின்று யோசித்திருக்கவில்லை.

அவனுடைய கேள்வி புதியதல்ல என்பது பிறகு வாசிக்கத் தொடங்கியபோதுதான் தெரிந்தது. ஐரோப்பிய அறிஞர்கள் ஏறக்குறைய நூறு ஆண்டுகள் இதே கேள்வியோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அவர்கள் எடுத்துவைத்த சாட்சிகளில் சில நமது இந்தியத் துணைக்கண்டத்திலிருந்தே போனவை.

1830களில் இமயமலை அடிவாரத்துச் சிவாலிக் குன்றுகளில் இரண்டு பிரித்தானியர் எலும்பு பொறுக்கினார்கள். ஒருவர் சகரன்பூர் தாவரவியல் தோட்டத்துக்குப் பொறுப்பாயிருந்த ஹியூ ஃபால்கனர். மற்றவர் கால்வாய் வெட்டும் பொறியியலாளரான புரோபி கோட்லி. கல்லாகிப்போன அந்த எலும்புகளுக்குள் ஒரு பழங்குதிரையும் இருந்தது. சிவாலிக் குதிரை என்ற பொருளில் அதற்குப் பெயரும் சூட்டினார்கள். அறபுக் குதிரையின் மூதாதை இதுவாக இருக்கலாமோ என்ற எண்ணம் பின்னாளில் ரிச்சர்ட் லைடெக்கருக்கு வந்தது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்தவர் அவர். சிவாலிக் மண்டையோட்டில் கண்குழிக்கு முன்னால் ஒரு பள்ளம் உண்டு. அறபுக் குதிரையின் மண்டையோட்டிலும் அதன் மங்கிய சுவடு தெரிகிறது என்பது அவரது வாதம். 1912இல் வெளிவந்த அவரது நூல் இதைப் பேசுகிறது. ஒரு பள்ளத்தை வைத்துப் பரம்பரை சொல்வது மூக்கைப் பார்த்து உறவு சொல்வது போன்றதுதான். ஆனால் அவர்களிடம் இருந்தது அவ்வளவே.

டார்வின் பிடித்துக்கொண்டது கோட்டை. 1859இல் வந்த தமது புகழ்பெற்ற நூலில் அவர் குஜராத்தின் கத்தியவார் குதிரைகளைக் குறிப்பிடுகிறார். இந்திய அரசுக்காக அக்குதிரை இனத்தைப் பரிசோதித்த கேர்ணல் பூல் என்பவர் கொடுத்த தகவல் அது: கத்தியவார் குதிரைக்கு உடலில் கோடு இல்லையென்றால் அதை அசல் இனமென்று ஊரார் ஒப்புக்கொள்வதில்லையாம். குதிரைகள் எல்லாவற்றுக்கும் மூதாதை கோடுகள் உள்ள ஒரே விலங்குதான் என்று டார்வின் இதிலிருந்து முடிவு கட்டினார். கத்தியவாரில் ஒரு குதிரைக்காரன் தன் குதிரையின் முதுகைத் தடவிச் சொன்ன பேச்சு இலண்டன் அச்சகம்வரை போயிருக்கிறது.

கோட்டைப் பற்றி இன்னொரு வழக்கும் இருந்தது. மோர்ட்டன் பிரபு என்பவர் அறபு இரத்தம் மிகுந்த ஒரு பெண்குதிரையை ஆபிரிக்க வரிக்குதிரை இனமொன்றோடு சேர்த்தார். பின்னர் அதே பெண்குதிரை அறபு ஆண்குதிரைக்கு ஈன்ற குட்டிகளின் காலிலும் கோடுகள் தெரிந்தன. முதற் சேர்க்கையின் சாயல் தாயின் உடம்பில் தங்கிவிடும் என்ற நம்பிக்கை இதனால் பரவிற்று. டார்வினே அதை நம்பினார். எடின்பரோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கோசார் ஈவார்ட் வாதாடிக்கொண்டிருக்கவில்லை, செய்து பார்த்தார். மட்டோபோ என்ற வரிக்குதிரையை வாங்கிப் பல பெண்குதிரைகளோடு சேர்த்தார். முதற்குட்டி 1896இல் பிறந்தது. பின்னர் அதே பெண்குதிரைகளைச் சாதாரண ஆண்குதிரைகளோடு சேர்த்துப் பிறந்தவற்றைக் கவனித்தார். வரிக்குதிரையையே காணாத குதிரைகளின் குட்டிகளிலும் அத்தகைய கோடுகள் தென்பட்டன. கோடு பழைய மூதாதையின் எச்சமேயன்றி முன்னைய கணவனின் சாயல் அல்ல என்பது வெளியாயிற்று. 1899இல் அச்சேறிய அவரது பரிசோதனைக் குறிப்புகள், வாய்வழிச் செய்தியைத் தொழுவத்தில் வைத்துச் சரிபார்த்த முதல் முயற்சிகளுள் ஒன்று எனலாம்.

இனி நமது பொடியனின் புல்லுக்கு வருவோம். அதை நேரடியாகத் தொட்டவர் கேம்பிரிட்ஜ் தொல்லியற் பேராசிரியர் வில்லியம் றிட்ஜ்வே. 1905இல் அவர் எழுதிய பெரிய நூல் அறபுக் குதிரை அறபு நாட்டுக்குரியதல்ல என்றது. ஈசா நபி (அலை) அவர்களின் காலத்தை ஒட்டி வாழ்ந்த கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ, அறபு நாட்டில் குதிரை இல்லை, அதன் வேலையை ஒட்டகம் செய்கிறது என்று எழுதிவைத்திருக்கிறார். அப்படியாயின் குதிரை வெளியிலிருந்துதான் வந்திருக்கவேண்டும். வட ஆபிரிக்காவின் லிபியாவிலிருந்து வந்தது என்பது றிட்ஜ்வேயின் தீர்ப்பு. பாதி சரி, பாதி பிழை.

இதைப் பள்ளிவாசல் முன்றலில் ஒரு மூத்தவரிடம் சொன்னபோது அவருக்கு முகம் கறுத்துவிட்டது. "அறபுக் குதிரையையும் வெள்ளைக்காரனுக்குக் குடுத்திட்டீங்களா மாஸ்டர்?" என்றார். அவரது மனம் எனக்கு விளங்காமலில்லை. குதிரையை முதலில் பழக்கியவர் இஸ்மாயீல் நபி (அலை) அவர்களே என்பது அறபு மரபிலே வழங்கும் செய்தி. ஹிஜ்ரி 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த கூஃபா அறிஞர் இப்னுல் கல்பி குதிரைகளின் வம்சாவளிக்கென்றே ஒரு நூல் செய்தவர். சுலைமான் நபி (அலை) அவர்கள் ஓமானிலிருந்து வந்த அஸ்து குலத்தாருக்கு ஒரு குதிரையைக் கொடுத்தார்கள், அறபுக் குதிரைகள் அதன் வழி வந்தன என்ற கதையும் அதிலே உண்டு.

மூத்தவருக்கு நான் ஸ்ட்ராபோவைச் சொல்லவில்லை, பத்ரைச் சொன்னேன். ஹிஜ்ரி 2இல் பத்ருக்குப் புறப்பட்ட 313 பேரிடம் 70 ஒட்டகங்கள் இருந்தன. குதிரைகள் இரண்டே இரண்டு என்று சீறா நூல்கள் சொல்கின்றன. குதிரை மலிந்த நாடென்றால் இந்தக் கணக்கு ஏன்? பாலைவனத்தில் குதிரை வளர்ப்பது பெருஞ்செலவு. பதவிகள் அதற்கு ஒட்டகப் பால் கொடுத்தும் பேரீச்சம்பழம் தீத்தியும் வளர்த்தார்கள். அப்படிப் பாடுபட்டு வளர்த்ததை எவனும் கண்டபடி சேரவிடமாட்டான். தாய் யார், தந்தை யார் என்று பெயர் சொல்லி நினைவில் வைத்திருப்பான். இப்னுல் கல்பியின் நூல் அந்த நினைவிலிருந்து வந்ததுதான். மூத்தவர் கொஞ்சநேரம் பேசாமலிருந்தார். பிறகு, "ரெண்டு குதிரைதானா?" என்று மட்டும் கேட்டார்.

2011இல் சவூதி அரேபியாவின் அல்மகர் என்ற இடத்தில் குதிரைத் தலை போன்ற கற்சிலை கிடைத்தது, ஒன்பதாயிரம் வருடங்களுக்கு முன்பே அங்கு குதிரை பழக்கப்பட்டிருந்தது என்ற அறிவிப்பு வந்தது. நம்மவர் பலரும் மகிழ்ந்தார்கள். நானும் மகிழ்ந்தேன். ஆனால் அந்தச் சிலை குதிரையைத்தான் காட்டுகிறது என்பதோ, அது பழக்கப்பட்ட விலங்கு என்பதோ நிறுவப்படவில்லை. ஆய்வாளர்கள் அதை ஏற்கவுமில்லை. இந்தியாவிலும் இதே கதைதான். கட்ச் பகுதியின் சுர்கோட்டடாவில் கிடைத்த சிந்துவெளிக் கால எலும்புகளைக் குதிரை என்றார் ஹங்கேரி நாட்டு அறிஞர் போகோன்யி. அமெரிக்கரான ரிச்சர்ட் மெடோ மறுத்தார். குதிரையையும் காட்டுக் கழுதையையும் பல்லையும் குளம்பெலும்பையும் கொண்டு பிரித்தறிவது அவ்வளவு கடினம். கட்ச் உவர்நிலத்தில் காட்டுக் கழுதை இன்றைக்கும் ஓடித்திரிகிறது. வழக்கு எலும்பைப் பற்றியது. பெருமைக்காரரோ இரண்டு பக்கமும் கூடிவிட்டார்கள்.

எலும்பு சொல்லாததை மரபணு சொல்லிற்று. பிரான்சின் துலூஸ் நகரிலிருந்து லூதோவிக் ஒர்லாந்தோ வழிநடத்திய பெருங்குழுவொன்று 273 பழங்காலக் குதிரைகளின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டு 2021இல் முடிவை வெளியிட்டது. இன்றைய வீட்டுக் குதிரைகள் யாவும் வொல்கா, தொன் ஆறுகள் பாயும் புல்வெளியில் உருவான ஒரே வழியில் வந்தவை. கி.மு. 2000ஐ ஒட்டிய காலத்தில் அவ்வழி நாலா திசையும் பரவி, பழைய வழிகளை ஏறத்தாழ முற்றாக அகற்றிவிட்டது. பரவிய குதிரைகளில் இரண்டு மரபணுக்கள் தெரிவு செய்யப்பட்டிருக்கின்றன: ஒன்று முதுகின் உறுதியோடும் மற்றது சாதுவான குணத்தோடும் சம்பந்தப்பட்டவை. ஆள் ஏற முதுகு, ஏறவிடக் குணம். வெகுகாலம் மூதாதையென்று கருதப்பட்ட மங்கோலியக் காட்டுக் குதிரை வேறு வழி என்பதும் தெளிவாயிற்று.

ஆக, டார்வினின் ஒரே மூதாதை ஓரளவு நின்றது. லைடெக்கரின் சிவாலிக் குதிரை விழுந்தது. றிட்ஜ்வேயின் லிபியா விழுந்தது, அறபு நாட்டுக்குக் குதிரை வெளியிலிருந்து வந்தது என்ற அவரது பாதி மட்டும் நின்றது.

நம்மவருடைய பங்கு இதற்குப் பிறகுதான் வருகிறது, அதுவும் கடலில். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, ஹொர்முஸ், கிஷ், ஏடன் பக்கத்துக் கப்பல்கள் குதிரைகளோடு அங்கு வந்ததைச் சொல்கிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் கணக்கே தருகிறார்: கிஷ் தீவின் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகள் பாண்டியனுக்கு அனுப்ப உடன்படிக்கை, வளைகுடாத் துறைகள் எல்லாவற்றிலுமிருந்து போனவை 10,000, ஒன்றின் விலை 220 பொன் தீனார். வழியில் செத்தாலும் விலை செல்லும்! ஜமாலுத்தீனின் தம்பி தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியனின் அமைச்சர். விற்பவன் அண்ணன், வாங்குமிடத்தில் தம்பி. இந்த இடத்தில் எனக்குப் பெருமையும் கொஞ்சம் கூச்சமும் சேர்ந்தே வருகின்றன.

ஏன் ஆண்டுதோறும் வாங்கவேண்டும்? வந்தவை சாவதால். இங்கே குதிரை வைத்தியம் அறிந்தவர் இல்லை என்றும், நல்ல குதிரைக்கும் கால் கோணிய குட்டிதான் பிறக்கிறது என்றும் போலோ எழுதுகிறார். இறைச்சி கலந்த சோற்றைப் போட்டார்களாம். பொடியன் கேட்ட புல்லு இங்கேயும் பிரச்சினையாகத்தான் இருந்திருக்கிறது.

இலங்கையில் தாமாகப் பெருகி நிற்கும் குதிரைகளை நெடுந்தீவில் காணலாம். ஒல்லாந்தர் வளர்த்தார்கள், பின் ஆங்கிலேயர். அவர்கள் போனபின் குதிரைகள் காட்டில் நின்றுவிட்டன. பழைய லாயத்தின் தூண்கள் இன்னும் நிற்கின்றன. கடும் வறட்சியில் தண்ணீரின்றிக் குதிரைகள் சாவதும் உண்டு. எந்தக் கப்பலில் வந்திருந்தாலும் அவற்றின் வேரும் வொல்காக் கரைதான்.

அந்தப் பொடியன் இப்போது வளர்ந்து தொழில் பார்க்கிறான். சென்ற நோன்புப் பெருநாளன்று கடைத்தெருவில் கண்டு இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான்.

"அப்ப அங்க புல்லு இருந்ததா சேர்?"

"இருந்தது மகன். கண்ணுக்கெட்டிய தூரம் மட்டும் புல்லுதான்."