பக்கத் திசையமைப்பின் வரலாறு

பக்கத் திசையமைப்பு என்பது ஓர் எழுதுபரப்பை நெடுக்காக வைத்து எழுதுவதா, படுக்கையாக வைத்து எழுதுவதா என்பதைக் குறிக்கும் சொல். உயரம் மிகுந்து அகலம் குறைந்து நிற்கும் பக்கம் நீளவாக்கு அல்லது போர்ட்ரெய்ட் எனப்படும். அகலம் மிகுந்து உயரம் குறைந்து கிடக்கும் பக்கம் அகலவாக்கு அல்லது லேண்ட்ஸ்கேப் எனப்படும். இவ்விரு ஆங்கிலப் பெயர்களும் ஓவியக் கலையிலிருந்து வந்தவை. மனித உருவப்படத்துக்கு நின்ற சட்டமும் இயற்கைக் காட்சிக்குக் கிடந்த சட்டமும் ஏற்றவையாக இருந்ததால் அப்பெயர்கள் தாளுக்கும் வழங்கலாயின.

இன்று கணினியில் இரண்டு சொடுக்குகளில் மாற்றிவிடக்கூடிய இந்த அமைப்புக்கு நெடிய வரலாறு உண்டு. எழுதுபொருள், கட்டும் முறை, அச்சுப்பொறி, திரை ஆகிய ஒவ்வொன்றும் பக்கத்தின் திசையைத் தன் வசதிக்கேற்ப முடிவு செய்துள்ளது.

கிடந்த பக்கம்: ஓலைச்சுவடி

தமிழர் நெடுங்காலம் எழுதிய பக்கம் அகலவாக்கில் அமைந்தது. பனையோலையின் ஒரு பிரிவு நீண்டு குறுகியது. அதன் நரம்புகள் நீளவாட்டில் ஓடுகின்றன. ஓலையை இடக்கையில் கிடையாகப் பிடித்து எழுத்தாணியால் நீள வரிகளாகக் கீறுவதே இயல்பான முறை. துளையிட்டுக் கயிறு கோத்துக் கட்டியதால் சுவடி முழுவதும் ஒரே அளவும் ஒரே திசையும் கொண்டதாக அமைந்தது. நரம்பின் போக்குதான் இங்கே திசையை முடிவு செய்தது. எழுதுபவரின் விருப்பத்துக்கு இடமில்லை.

இந்த வடிவத்தின் பிடி வலிமையானது. தாள் பரவிய பின்னரும் திபெத்தில் சமய நூல்களும் மேற்கிந்தியாவில் சமண நூல்களும் ஓலையைப் போன்றே நீண்டு குறுகிய தாள்களில் எழுதப்பட்டன. பொருள் மாறிய பிறகும் திசை மாறவில்லை.

நின்ற பக்கம்: புத்தகம்

மத்தியதரைக் கடற்பகுதியில் பாப்பிரசுச் சுருள் வழக்கில் இருந்தது. சுருளைப் பக்கவாட்டில் விரித்து, அதில் அடுத்தடுத்து எழுதப்பட்ட குறுகிய பத்திகளை வாசித்தனர். பொ.ஊ. முதல் நூற்றாண்டுகளில் தோலையோ பாப்பிரசையோ மடித்து, முதுகில் தைத்த ஏட்டுப் புத்தகம் பரவியது. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய் விவிலியத்தின் பக்கம் ஏறக்குறையச் சதுரமானது. அதன் பெரும்பகுதியில் பக்கத்துக்கு நான்கு பத்திகள் உள்ளன. சுருளின் பழக்கம் புத்தகத்துக்குள்ளும் தொடர்ந்ததை அது காட்டுகிறது.

காலப்போக்கில் நின்ற பக்கமே புத்தகத்தின் பொது வடிவமாயிற்று. இதற்குச் சில காரணங்கள் உண்டு. நீண்ட பக்கத்தில் தைத்தால் கட்டு உறுதியாக இருக்கும். கையில் பிடிக்க எளிது. வரி குறுகினால், ஒரு வரி முடிந்ததும் அடுத்த வரியின் தொடக்கத்தைக் கண் தடுமாறாமல் பிடிக்கும். இரண்டு நின்ற பக்கங்களை விரித்து வைத்தால் ஒரு கிடந்த பரப்புக் கிடைக்கிறது என்பதும் கவனிக்கத்தக்கது. 1455ஆம் ஆண்டளவில் கூட்டன்பர்க் அச்சிட்ட விவிலியம் நின்ற பக்கத்தில் இரண்டு பத்திகளாக அமைந்தது.

1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் 16 பக்கங்கள் கொண்ட சிறு நூல். தமிழ் எழுத்தில் அச்சேறிய அந்நூலில் தமிழ் வரி ஓலையின் நீளத்தை விட்டுப் புத்தகப் பக்கத்துக்குள் அடங்கியது. 19ஆம் நூற்றாண்டில் இம்மாற்றம் பெரிய அளவில் நிகழ்ந்தது. சி. வை. தாமோதரம் பிள்ளை 1887இல் கலித்தொகையையும் உ. வே. சாமிநாதையர் அதே ஆண்டில் சீவக சிந்தாமணியையும் பதிப்பித்தனர். ஓலையில் இடைவெளியின்றி ஓடிய செய்யுள், அச்சில் அடி அடியாகப் பிரிந்து ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றது. இன்றைய மாணவர் ஒரு செய்யுளைப் பார்த்தவுடன் செய்யுள் என்று அடையாளம் காண்பது இந்த நின்ற பக்கத்தால்தான்.

தாளின் அளவு

1786இல் ஜெர்மானிய அறிவியலாளர் லிச்டன்பெர்க், தன் நண்பர் யோகான் பெக்மனுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு தாளின் பண்பை விளக்கினார். அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 1க்கு இரண்டின் வர்க்கமூலம் என்று இருந்தால், தாளைப் பாதியாக மடித்தாலும் அதே விகிதம் நீடிக்கும். 1922இல் வால்ட்டர் போர்ஸ்ட்மன் வகுத்த ஜெர்மன் தரம் இவ்விகிதத்தை ஏற்றது. 1975இல் அது பன்னாட்டுத் தரமாயிற்று. நாம் பயன்படுத்தும் ஏ4 தாள் இவ்வரிசையைச் சேர்ந்தது. அதன் அளவு 210 × 297 மில்லிமீட்டர்.

திசையமைப்பைப் பொறுத்தவரை இதில் ஒரு வசதி உண்டு. கிடந்த ஏ4 தாளில் நின்ற ஏ5 பக்கங்கள் இரண்டு சரியாகப் பொருந்தும். நின்ற ஏ3 தாளின் அகலம் கிடந்த ஏ4 தாளின் அகலமே.

அட்டவணை என்னும் சிக்கல்

உரைநடைக்கு நின்ற பக்கம் போதும். நிரல்கள் பல கொண்ட அட்டவணை, வம்சாவளி, காலக்கோடு, நிலப்படம் ஆகியவை அதில் அடங்குவதில்லை. பழைய அச்சகத்தார் இரண்டு வழிகளைக் கையாண்டனர். ஒன்று, பெரிய தாளில் அச்சிட்டு மடித்து நூலுக்குள் வைப்பது. மற்றொன்று, அட்டவணையைப் பக்கத்துக்குள் பக்கவாட்டில் திருப்பி அச்சிடுவது. இரண்டாவது முறையில் அட்டவணையின் தலைப்பு பக்கத்தின் இடப்புறம் வரும். வாசகர் புத்தகத்தை வலச்சுற்றாகத் திருப்பிப் படிப்பார். ஒருபுறம் மட்டும் அச்சிட்ட ஆய்வேடுகளில் தலைப்பு கட்டுப்புறமாக அமைவது இவ்வழக்கத்தை ஒட்டியதே.

1874இல் விற்பனைக்கு வந்த ரெமிங்டன் நிறுவனத் தட்டச்சுப்பொறியும் அதன் வழிவந்தவையும் தாளை உருளையில் சுற்றி ஏற்றுபவை. உருளையின் நீளமே வரியின் எல்லை. சாதாரணப் பொறியில் தாளைப் படுக்கையாக ஏற்ற இடம் போதாது. எனவே கணக்குப் பட்டியல் அடிக்கும் அலுவலகங்கள் நீண்ட உருளைப் பொறிகளை வாங்கின. தமிழ்நாட்டின் அரசுத் தட்டச்சுத் தேர்வில் வேகத் தாளுக்கு அடுத்த தாளில் கடிதத்துடன் ஸ்டேட்மென்ட் எனப்படும் அட்டவணையும் இடம்பெறுகிறது. நிரல்களை எண்ணி, இடைவெளியைக் கணக்கிட்டு, தாளின் அகலத்துக்குள் அடக்குவதே அதில் சோதிக்கப்படும் திறன்.

அச்சுப்பொறிகளின் காலம்

புள்ளி அச்சுப்பொறிகளில் அங்குலத்துக்கு 10 எழுத்து என்ற கணக்கில் 80 எழுத்து கொண்ட வரி 8 அங்குலம் ஆகும். 132 எழுத்து வரிக்கு அகலமான பொறியும் அகலமான தாளும் தேவை. 1979இல் விசிகால்க், 1983இல் லோட்டஸ் 1-2-3 ஆகிய விரிதாள் செயலிகள் வந்தபோது நிரல்கள் தாளைத் தாண்டின. மிகுந்த நிரல்கள் வேறு தாள்களில் அச்சாகின. பயனர் அவற்றைப் பசையால் ஒட்டிச் சேர்த்தனர். ஃபங்க் சாப்ட்வேர் நிறுவனத்தின் 'சைடுவேஸ்' என்ற செயலி இதற்குத் தீர்வு தந்தது. அது எழுத்துகளையே 90 பாகை திருப்பி, தொடர்தாளின் நீளவாட்டில் விரிதாளை அச்சிட்டது. தாள் நீளும் வரை அட்டவணையும் நீளலாம் என்றாயிற்று.

1984இல் வந்த எச்பி லேசர்ஜெட் பொறியில் எழுத்துகள் புள்ளிப் படங்களாகச் சேமிக்கப்பட்டிருந்தன. அதனால் நீளவாக்குக்கு ஓர் எழுத்துரு, அகலவாக்குக்கு வேறோர் எழுத்துரு தேவைப்பட்டது. அதே ஆண்டில் அடோபி வெளியிட்ட போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி வேறு வழியில் சென்றது. அது எழுத்தைக் கணித வளைகோடுகளாக விவரித்தது. ஆகவே பக்கத்தின் அச்சுகளை 90 பாகை சுழற்றச் சொல்லும் ஒரே கட்டளையால் முழுப் பக்கமும் திரும்பிவிடும். 1985இல் ஆப்பிள் லேசர்ரைட்டர் அம்மொழியுடன் வந்தது. இன்று பயனர் திசையை எளிதாக மாற்ற முடிவதற்கு இவ்வகைக் கணித அணுகுமுறையே அடிப்படை.

திரையும் சொற்செயலியும்

1973இல் ஜெராக்ஸ் ஆய்வகம் உருவாக்கிய ஆல்டோ கணினியின் திரை நின்ற வடிவினது. 606 புள்ளி அகலமும் 808 புள்ளி உயரமும் கொண்ட அத்திரை ஒரு தாளைப் போன்று அமைக்கப்பட்டது. பட்லர் லாம்ப்சன், சார்லஸ் சிமோனி முதலியோர் அதில் உருவாக்கிய பிராவோ, அச்சில் வருவதைத் திரையில் காட்டிய முன்னோடிச் சொற்செயலி. சிமோனி பின்னர் மைக்ரோசாப்டில் சேர்ந்தார். அங்கே 1983இல் வேர்டு வெளிவந்தது. ஆனால் பரவலான கணினித் திரைகள் தொலைக்காட்சியைப் போல் கிடந்த வடிவிலேயே நிலைத்தன. கிடந்த திரையில் நின்ற பக்கத்தை மேலும் கீழும் உருட்டிப் படிப்பது அன்றாடப் பழக்கமாயிற்று.

கணினியில் நிறுவப்படும் சொற்செயலிகள் 'பிரிவு' என்ற கருத்தால் சிக்கலைத் தீர்த்தன. ஆவணத்தைப் பிரிவுகளாகப் பகுத்து, ஒவ்வொரு பிரிவுக்கும் தனித் திசை, தனி ஓரம், தனித் தலைப்பு வரி என வைத்துக்கொள்ளலாம்.

இணையச் சொற்செயலிகள்

2005இல் ரைட்லி என்ற இணையச் சொற்செயலி தோன்றியது. அதே ஆண்டில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்திலிருந்து சோஹோ ரைட்டர் வந்தது. 2006 மார்ச்சில் ரைட்லியைக் கூகுள் வாங்கியது. அதிலிருந்து கூகுள் டாக்ஸ் வளர்ந்தது. வலைப்பக்கத்துக்குத் தாள் என்ற எல்லை இல்லை. உலாவிக்குள் தாளின் எல்லையை உருவாக்கிக் காட்டுவது தனி வேலை. 2010இல் கூகுள் தன் எடிட்டரைப் புதிதாக எழுதியது. எனினும் நெடுங்காலம் முழு ஆவணத்துக்கும் ஒரே திசையைத்தான் வைக்க முடிந்தது. நடுவில் அகன்ற அட்டவணை வேண்டுவோர் அதைத் தனி ஆவணமாகச் செய்து, இரண்டையும் பிடிஎஃப் ஆக்கி இணைத்தனர்; பக்க எண்களைக் கையால் சரிசெய்தனர். 2020 மே மாதத்தில்தான் ஒரே ஆவணத்தில் இரு திசைகளையும் கலக்கும் வசதி கூகுள் டாக்ஸில் அறிமுகமானது.

முழு ஆவணத்தையும் திருப்ப, ஃபைல் மெனுவில் பேஜ் செட்அப் சென்று லேண்ட்ஸ்கேப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் திருப்ப, அப்பகுதியைத் தேர்ந்தெடுத்து வலச்சொடுக்கினால் பக்கத்தை அகலவாக்குக்கு மாற்றும் கட்டளை கிடைக்கும். திசை மாறினாலும் உள்ளிருக்கும் அட்டவணை தானாக அகலாமல் போகலாம். நிரல்களை இழுத்து விரிக்க வேண்டியிருக்கும்.

2022 பிப்ரவரியில் கூகுள் டாக்ஸ், பக்கமில்லா வடிவம் ஒன்றையும் சேர்த்தது. அதில் தாள் எல்லை இல்லை. அகன்ற அட்டவணையைப் பக்கவாட்டில் உருட்டிப் பார்க்கலாம். அச்சிடத் தேவையில்லாத குறிப்புகளுக்கு அது ஏற்றது. அச்சிட்டுச் சமர்ப்பிக்க வேண்டிய ஏட்டுக்குத் திசையமைப்பு இன்றும் தேவை.

ஓலைப் படமும் ஏ4 தாளும்

இவ்வசதி தமிழாய்வில் நேரடியாகப் பயன்படுகிறது. 40 சென்டிமீட்டர் நீளமுள்ள ஓர் ஓலையின் படத்தை ஆய்வேட்டில் சேர்ப்பதாகக் கொள்வோம். நான்கு புறமும் 2.54 சென்டிமீட்டர் ஓரம் விட்டால், நின்ற ஏ4 பக்கத்தில் 15.92 சென்டிமீட்டர் அகலமே மிஞ்சும். ஓலை ஏறக்குறைய 40 விழுக்காடு அளவுக்குச் சுருங்கும். எழுத்தாணிக் கீற்றுகள் கலங்கி, ஒத்த வடிவுள்ள எழுத்துகளைப் பிரித்தறிவது கடினமாகும். அதே பக்கத்தை அகலவாக்கில் வைத்தால் 24.62 சென்டிமீட்டர் கிடைக்கும். ஓலை ஏறக்குறைய 62 விழுக்காடு அளவில் தெரியும். எழுத்தின் உயரம் ஒன்றரை மடங்குக்கும் சற்று மிகும். சுவடியில் இருப்பது எந்த எழுத்து என்று பாடபேதம் காட்டும் இடத்தில், வாசகர் தாமே படத்தைப் பார்த்துச் சரிபார்க்க முடிவதும் முடியாமற்போவதும் இந்த வேறுபாட்டில் அடங்கியிருக்கலாம்.