தயங்கி நிற்கும் வெளியூர்க்காரன்

ஜாசினிலிருந்து ஆசகானுக்குப் போகும் சாலையில், செம்பனை வரிசைகள் விலகும் இடங்களில் லேடாங் மலை தெரியும். அப்பா அந்தச் சாலையில் லாரி ஓட்டினார். லாரியில் இரண்டே கேசட்டுகள். ஒன்று இளையராஜா, இன்னொன்று ஆலிகேட்ஸ். ஆலிகேட்ஸ் பாட்டு வந்தால் அப்பா சத்தத்தைக் கூட்டுவார். "நம்ம பசங்கடா, பினாங்குத் தமிழனுங்க" என்பார்.

பாடியவர்கள் டேவிட் ஆறுமுகமும் அவர் தம்பி லோகநாதனும். பெரிய சுருள்முடியோடு மேடையேறி, மலாயில் பாடி, நாட்டையே முணுமுணுக்க வைத்தவர்கள். 2007இல் லோகநாதன் புற்றுநோயால் இறந்தபோது அப்பா அன்று முழுக்க அதிகம் பேசவில்லை. ஆனால் அந்தப் பாட்டுகளை உருவாக்கியது யார் என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் வெகுநாள் தெரியாது.

'ஹிங்கா அஹிர் நந்தி', 'செகுந்தும் மாவார் மேரா செபுவா புய்சி' போன்ற அவர்களுடைய பெரிய வெற்றிப் பாடல்களுக்கு மெட்டுப் போட்டவர் எம். நாசிர். மலாய் ராக் உலகம் அவரைச் சீன மொழிச் சொல்லால் 'சீஃபூ' என்கிறது. குரு என்று பொருள். சீனப் பட்டம் பெற்ற மலாய்க் கலைஞரின் மெட்டு, தமிழ்க் குரல் வழியாக ஒரு தோட்டத்து லாரிக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. மலேசியாவில் இது நடக்கும். நாம்தான் கவனிப்பதில்லை.

எம். நாசிர் 1957இல் சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங்கில் பிறந்தவர். படித்தது இசை இல்லை, ஓவியம். நான்யாங் நுண்கலைக் கழகத்தில். மற்றவர்களுக்குப் பாட்டு எழுதிக்கொண்டிருந்தவர், 1981இல் ஏ. அலி, எஸ். சாலான் இருவரோடும் சேர்ந்து 'கெம்பாரா' என்ற குழுவைத் தொடங்கினார். பயணம், நாடோடி வாழ்க்கை என்று பொருள்படும் சொல். கிட்டாரும் வாத்திய எளிமையும் கொண்ட நாட்டார் ராக் அது. காதல் மெட்டுகள் ஆண்டுகொண்டிருந்த காலத்தில் 'கோலார் பிரு' என்று நீலக்காலர்த் தொழிலாளியைப் பற்றிப் பாடினார்கள். 'எக்ஸ்பிரெஸ் ராயாட்' என்று ரயிலைப் பற்றிப் பாடினார்கள். அது அப்போது ஓடிய கே.டி.எம். ரயில் ஒன்றின் பெயர்.

அந்த ரயில் பாட்டை முதன்முதலில் கேட்டபோது எனக்குள் வேறொன்று ஓடியது. தென்தடத்து ரயில்கள் மலாக்கா எல்லையில் புலாவ் செபாங்கைத் தொட்டுத்தான் போகின்றன. அங்கிருந்து மலாக்கா பட்டணத்துக்கு ஒரு கிளைப்பாதை இருந்தது. ஜப்பானியர் அதன் தண்டவாளங்களைப் பெயர்த்துச் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோனார்கள். தோட்டங்களிலிருந்து தமிழர்களையும் கொண்டுபோனார்கள். எங்கள் பாட்டிமாருக்கு ரயில் என்றால் திரும்பி வராதவர்கள். நாசிருக்கோ அது ஒரு தொடக்கம். ஒரே தண்டவாளம், இரண்டு நினைவு.

1986இல் நாசிர் ஜானி இயக்கிய 'கெம்பாரா செனிமான் ஜாலானான்' படத்தில் தெருப்பாடகனாக நடித்தார். 'செர்ச்' போன்ற ராக் குழுக்களுக்கு எழுதினார். 1989இல் தனி ஆல்பம். ஒரே இடத்தில் உட்காராத மனிதர். நாட்டார் ராக்கிலிருந்து கனமான ராக்குக்குப் போனார், அங்கிருந்து தீவுக்கூட்டத்துத் தாளங்களுக்கும் சூஃபி மரபுக்கும் வந்தார். 1994இல் அனுகெரா ஜுவாரா லாகுவில் வென்ற பாடல் 'தான்யா சாமா இத்து ஹூட்ஹூட்'. அந்தக் கொண்டலாத்தியிடம் கேள் என்று பொருள். பாரசீகக் கவி அத்தாரின் பறவைகளை நினைவூட்டும் தலைப்பு. கொண்டலாத்தியின் பின்னே அரசனைத் தேடிப் பறக்கும் பறவைகளில் கடைசியில் முப்பதுதான் மிஞ்சும். தேடிய சீமுர்க் தாங்களேதான் என்று அவை உணரும். பாரசீகத்தில் 'சீ முர்க்' என்றாலே முப்பது பறவை.

அந்தப் பாடல் இடம்பெற்ற ஆல்பத்தின் பெயர்தான் என்னை நிறுத்தியது. 'சாங்கோங் மெண்டோனான்', 1993.

பல்கலைக்கழக விடுதியில் ஒருவன் விளையாட்டாக என்னை 'பெண்டாத்தாங்' என்றான். வந்தேறி. இந்த நாட்டுத் தமிழ்ப் பிள்ளைகள் யாருக்கும் அந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை. சிரித்து வைத்தேன். அதே பையன் இரவானால் கிட்டாரோடு உட்கார்ந்து எம். நாசிர் பாடுவான், நன்றாகவே பாடுவான். ஒருநாள் கேட்டேன், "மெண்டோனான்னா என்னடா?" அவனுக்கும் தெரியவில்லை. இருவரும் அகராதியைப் பார்த்தோம். வேற்றூரிலிருந்து வந்தவன். சாங்கோங் என்றால் இடம் பொருந்தாமல் கூச்சப்படுவது. தயங்கி நிற்கும் வெளியூர்க்காரன். அவன் கொஞ்சநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அப்புறம் அந்தச் சொல்லை என்னிடம் சொன்னதும் இல்லை.

இதை வைத்து நாசிரும் நாமும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். சிங்கப்பூர் மலாய்க்காரர் பாலத்தைத் தாண்டினால் அவரை மண்ணின் மைந்தராக ஏற்க இங்கே ஆள் உண்டு. நாலு தலைமுறை கித்தாப்பால் வெட்டியவன் பேரனுக்கு அது வாய்ப்பதில்லை. ஆனாலும் புகழின் உச்சியில் நின்ற ஒருவர் தன் ஆல்பத்துக்கு இப்படிப் பெயர் வைத்திருக்கிறார். அந்நியனாக நிற்கும் கூச்சம் நமக்கு மட்டும் சொந்தமான சரக்கு இல்லை.

2004இல் 'புத்ரி குனோங் லேடாங்' படத்தில் அவர்தான் ஹங் துவா. நான் பார்த்து வளர்ந்த மலையின் கதை, மலாக்காவின் கதை. 'ஹிக்காயாட் ஹங் துவா'வில் அந்த வீரன் விஜயநகரம் வரை தூது போகிறான். தென்னிந்தியரின் மொழியும் அவனுக்குத் தெரியும். அதைத் தமிழ் என்று கொள்பவர்கள் உண்டு. படத்தின் கதைக்கு அது தேவைப்படவில்லை. நமக்குத் தேவைப்படும்.

நாம் மலாயைத் தேர்வுக்குப் படித்தோம். எஸ்.பி.எம். முடிந்ததும் மூடி வைத்தோம். தமிழ் இலக்கியக் கூட்டங்களில் பாப் டிலனைப் பேசுகிறோம், பாப் மார்லியைப் பேசுகிறோம். பக்கத்து வீட்டில் நாற்பது வருடமாகப் பாடிக்கொண்டிருப்பவரைப் பேசுவதில்லை. அவர்கள் நம்மைப் படிப்பதில்லை என்ற குறை நியாயமானதுதான். அதற்காக நம் காதை ஏன் பொத்திக்கொள்ள வேண்டும்?

போன மாதம் அப்பாவை ஏற்றிக்கொண்டு புலாவ் செபாங் பக்கம் போனேன். காரில் 'எக்ஸ்பிரெஸ் ராயாட்' ஓடவிட்டேன்.

"யாருடா பாடுறது?"

"எம். நாசிர்ப்பா. உங்க ஆலிகேட்ஸுக்கு மெட்டுப் போட்டவரு."

அப்பா கை நீட்டிச் சத்தத்தைக் கூட்டினார்.

"அப்ப நம்ம ஆளுதான்" என்றார்.