தேயிலைப் பெட்டியும் புதுவைக் கோட்டையும்

ஆண்டிறுதித் தேர்வு நெருங்கும் நாள்களில் சாரத்துத் தெருக்களுக்கென்று தனி ஓசை ஒன்று உண்டு. மாலை விளக்கு ஏற்றியதும் வீட்டுக்கு வீடு பிள்ளைகள் பாடம் ஒப்பிக்கும் குரல் எழும். அத்தகைய மாலை ஒன்றில் அண்டை வீட்டு மாணவி ஒருத்தி வாசற்படியில் அமர்ந்து, "1773 பாஸ்டன், 1774 பிலடெல்பியா, 1775 லெக்சிங்டன், 1776 சுதந்திரப் பிரகடனம்" என்று கண்களை மூடியபடி உருப்போட்டுக்கொண்டிருந்தாள். அத்தேயிலையைக் கடலில் எறிந்தவர்கள் எதற்காக எறிந்தார்கள் என்று வினவினோம். ஆண்டைக் கேட்டால் எழுதத் தெரியும் என்றாள். சற்றுத் தயங்கியபின், எங்கோ இருக்கும் அமெரிக்காவில் யாரோ எறிந்த தேயிலை நமக்கு எதற்கு என்றும் கேட்டாள்.

அக்கேள்வியில் குறும்பு இல்லை, நியாயம் இருந்தது. அமெரிக்க விடுதலைப் போரை ஒரு பாடமாகவும், பிரெஞ்சுப் புரட்சியை மற்றொரு பாடமாகவும், ஹைதர் அலியின் போர்களை வேறொரு வகுப்பிலும் நம் பிள்ளைகள் படிக்கின்றனர். மூன்றும் ஒரே மரத்தின் கிளைகள் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. வேரோடு பிடுங்கப்பட்ட செடி வாடுவதுபோலக் காரணத்தினின்று பிரிக்கப்பட்ட ஆண்டுகளும் தேர்வு முடிந்த மறுநாளே நினைவினின்று உதிர்ந்துபோகின்றன.

ஆதலின், அம்மாணவிக்கு நாம் ஐந்து வினாக்களைக் கூறினோம். காரணம் என்ன? பொறி எது? துணைக்கு வந்தவர் யார்? முடிந்தது எப்படி? கணக்கில் விடுபட்டவர் யார்? எந்தப் போரைப் படித்தாலும் இவ்வைந்துக்கும் விடை தேடினால் ஆண்டுகள் தாமே வரிசையில் வந்து நிற்கும். அமெரிக்கப் போரைப் பொறுத்தவரை, விடையின் ஒரு பாதி நம் புதுவைக் கடற்கரையிலேயே கிடக்கின்றது!

காரணமும் பொறியும்

1756 முதல் 1763 வரை இங்கிலாந்தும் பிரான்சும் ஏழாண்டுப் போர் நிகழ்த்தின. அது ஐரோப்பாவோடு நிற்கவில்லை. வட அமெரிக்காவிலும் நம் கருநாடகத்திலும் நடந்தது. 1760 ஜனவரியில் வந்தவாசியில் லாலியின் பிரெஞ்சுப் படையை அயர் கூட் முறியடித்தார். மறு ஆண்டு ஜனவரியில் புதுவை பணிந்தது. வெற்றி பெற்றோர் கோட்டையைத் தரைமட்டமாக்கினர். இன்று பாரதி பூங்காவில் காற்று வாங்கச் செல்லும் நாம், அக்கோட்டை நின்ற மண்ணைத்தான் மிதிக்கின்றோம். 1763ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கைப்படி நகரம் பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பியது.

அப்போரில் இங்கிலாந்து வென்றது; ஆனால் வெற்றியோடு கடனும் வந்தது. அரசின் கடன் ஏறத்தாழ இரு மடங்காகிவிட்டது. அச்சுமையில் ஒரு பங்கை அமெரிக்கக் குடியேற்றங்களின் தலையில் ஏற்ற இலண்டன் முனைந்தது. 1764இல் சர்க்கரைச் சட்டமும், 1765இல் முத்திரைச் சட்டமும், 1767இல் டவுன்ஷெண்ட் வரிகளும் வந்தன. எங்கள் பேராளர் அமராத மன்றம் எங்கள்மீது வரி விதிக்கலாகாது என்று பதின்மூன்று குடியேற்றங்களும் குரல் எழுப்பின. இதுவே காரணம்.

பொறி எது? தேயிலை. அதன் சொந்தக்காரர் யாரெனப் பார்த்தால், சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டையையும் கடலூரில் புனித டேவிட் கோட்டையையும் வைத்திருந்த அதே கிழக்கிந்தியக் கம்பெனிதான்! 1769இல் ஹைதர் அலி சென்னையின் வாயில்வரை வந்து நின்று கம்பெனியைத் தம் நிபந்தனைகளுக்கு இணங்க வைத்தார். 1770இல் வங்காளத்தைக் கொடும் பஞ்சம் சூறையாடியது. 1772இல் கம்பெனி கடனில் மூழ்கித் தத்தளித்தது. சீனத்திலிருந்து வாங்கிய தேயிலை இங்கிலாந்துக் கிடங்குகளில் விற்காமல் தேங்கியது. அதனைக் காப்பாற்றவே 1773இல் தேயிலைச் சட்டம் பிறந்தது.

ஈண்டு மாணவர் பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. தேயிலை விலை ஏறியதால் மக்கள் கொதித்தெழுந்தனர் என்று அவர்கள் எழுதிவிடுகின்றனர். உண்மை அதற்கு நேர்மாறானது. கம்பெனி நேரடியாக அமெரிக்காவில் விற்கலாம் என்று சட்டம் அனுமதித்ததால் விலை குறைந்தது. ஆனால் அக்குறைந்த விலைக்குள் பழைய வரி ஒளிந்திருந்தது. வாங்கிக் குடித்தால் வரி விதிக்கும் உரிமையை ஒப்புக்கொண்டதாகிவிடும்! ஆகவேதான் 1773 டிசம்பர் 16ஆம் நாள் இரவு பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலை கடலுக்குள் சென்றது. எதிர்த்தது விலையையன்று, உரிமை மீறலை. இவ்வொரு வேறுபாட்டை உணர்ந்த மாணவனுக்கு அப்பாடத்தின் உயிர் கிட்டிவிட்டது.

பின்னர் நடந்தவை விரைந்து நடந்தன. 1774இல் பாஸ்டனைத் தண்டிக்கும் சட்டங்கள். அவ்வாண்டே பிலடெல்பியாவில் முதல் மாநாடு. 1775 ஏப்ரல் 19இல் லெக்சிங்டனில் முதல் துப்பாக்கி ஓசை. 1776 ஜூலை 4இல் சுதந்திரப் பிரகடனம்.

துணைக்கு வந்தவர்

1777 அக்டோபரில் சரடோகாவில் பர்காயினின் ஆங்கிலப் படை அமெரிக்கரிடம் சரணடைந்தது. தோற்கும் பக்கம் எது என்று அதுவரை எடை போட்டுக்கொண்டிருந்த பிரான்சு, 1778 பிப்ரவரி 6இல் அமெரிக்காவுடன் உடன்படிக்கை செய்துகொண்டது. பாரிசில் இட்ட அக்கையொப்பத்தின் விலையை முதலில் கொடுத்த ஊர்களுள் ஒன்று நம் புதுவை.

போர்ச் செய்தி எட்டியதும் கம்பெனி காலம் தாழ்த்தவில்லை. 1778 ஆகஸ்டில் ஹெக்டர் மன்றோவின் படை புதுவையைச் சூழ்ந்தது. ஆளுநர் பெல்கோம் அரைகுறையாக எழுப்பப்பட்ட மதில்களுக்குள் நின்று இரண்டு மாதங்களுக்கு மேல் தாக்குப்பிடித்தார். அக்டோபரில் நகரம் வீழ்ந்தது. அமெரிக்க விடுதலைப் போரில் முற்றுகையிடப்பட்ட ஊர்களின் பட்டியலில் புதுவையும் உண்டு என்பதை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்?

அடுத்து 1779 மார்ச்சில் மாஹே வீழ்ந்தது. இன்றும் புதுவை ஒன்றியப் பகுதியின் ஓர் அங்கமாகிய அச்சிறு துறைமுகம் அன்று ஹைதர் அலியின் பாதுகாப்பில் இருந்தது. பிரெஞ்சுப் போர்க்கருவிகள் அவ்வழியேதான் அவரை அடைந்தன. தம் எச்சரிக்கையை மீறி மாஹேயைக் கைப்பற்றிய கம்பெனிமீது அவர் 1780 ஜூலையில் பெரும்படையோடு பாய்ந்தார். செப்டம்பர் 10இல் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் பெய்லியின் படையை அவரும் மகனார் திப்புவும் நொறுக்கினர். 1781 ஜூலை முதல் நாள், மஹ்மூது பந்தர் என்று நம்மவர் வழங்கும் பரங்கிப்பேட்டையில், அயர் கூட்டிடம் ஹைதர் பின்னடைந்தார். அவ்வாண்டு அக்டோபர் 19ஆம் நாள் யார்க்டவுனில் கார்ன்வாலிஸ் அமெரிக்க, பிரெஞ்சுப் படைகளிடம் சரணடைந்தார். பாடநூலில் போர் அங்கே முடிந்துவிடும். நம் கடற்கரையிலோ அது முடியவில்லை.

1782இல் சுஃப்ரேன் என்னும் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், திருகோணமலைக் கடல்களில் ஆங்கிலக் கப்பல்களோடு பொருதார். கடலூரில் ஹைதரை நேரில் கண்டு உரையாடினார். அவ்வாண்டு ஏப்ரல் 8இல் அமெரிக்காவின் டெலவேர் விரிகுடாவில் ஒரு சிறு போர்க்கப்பல் தன்னிலும் வலிய ஆங்கிலக் கப்பலை அரை மணிக்கும் குறைந்த நேரத்தில் கைப்பற்றியது. பென்சில்வேனியா வணிகர்களின் கலங்களைக் காக்க அணிவகுத்த அக்கப்பலின் பெயர் 'ஹைதர் அலி'! தம் பகைவனை மற்றொரு கரையில் எதிர்த்து நின்ற மைசூர் வேந்தரின் பெயரை அமெரிக்கர்கள் தம் கப்பலுக்குச் சூட்டினர். 1782 டிசம்பர் 7இல் ஹைதர் மறைந்தார்.

இதனைப் படித்துப் பெருமிதம் கொள்வதில் தவறில்லை. ஆயினும் பெருமிதம் உண்மையை மறைத்துவிடலாகாது. ஹைதர் அமெரிக்காவின் விடுதலைக்காகப் போரிடவில்லை. தம் நாட்டுக்காகப் போரிட்டார். பிரான்சின் மன்னர் விடுதலையின்மேல் கொண்ட காதலால் உதவவில்லை; இங்கிலாந்தைப் பழிவாங்க உதவினார். அவ்வுதவியின் செலவே அவர் கருவூலத்தைக் காலியாக்கி, 1789இல் பிரெஞ்சுப் புரட்சியின் வாயிலைத் திறந்தது. அடுத்த பாடத்தின் முதல் வரி இந்தப் பாடத்தின் கடைசி வரியில் தொடங்குகின்றது.

முடிந்தது எப்படி?

1783 ஜனவரி 20இல் இங்கிலாந்தும் பிரான்சும் சமாதானத்தின் முன்வரைவில் கையொப்பமிட்டன. அச்செய்தி கப்பலேறி நன்னம்பிக்கை முனையைச் சுற்றியோ பாலைவழிக் கடந்தோ வரவேண்டும். அதற்குள் ஜூன் 13ஆம் நாள் கடலூரின் தெற்கே புஸ்ஸியின் படையும் ஆங்கிலப் படையும் மோதிக்கொண்டன. 20ஆம் நாள் கடலில் சுஃப்ரேன் மீண்டும் பொருதார். நூற்றுக்கணக்கானோர் மடிந்தனர். ஜூன் இறுதியில்தான் சமாதானச் செய்தி வந்து சேர்ந்தது. ஐந்து மாதங்களுக்கு முன்னரே முடிந்துவிட்ட போரில் அம்மனிதர்கள் உயிர் விட்டிருந்தனர். சாரத்திலிருந்து பேருந்து ஏறினால் ஒரு மணி நேரத்தில் சென்றுவிடக்கூடிய கடலூர்தான் அப்பெரும் போரின் கடைசிக் களங்களுள் ஒன்று.

1783 செப்டம்பர் 3இல் இறுதி உடன்படிக்கைகள் கையொப்பமாயின. அமெரிக்கா தனி நாடாயிற்று. புதுவை 1785இல் பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பியது. திப்பு மட்டும் தனித்து நின்று, 1784 மார்ச்சில் மங்களூர் உடன்படிக்கையில் தம் போரை முடித்தார். யார்க்டவுனில் தோற்ற கார்ன்வாலிஸ் 1786இல் தலைமை ஆளுநராக இந்தியாவுக்கு வந்தார். 1792இல் திப்புவின் நாட்டில் பாதியைப் பறித்து, அவர் மைந்தர் இருவரைப் பணயமாகக் கொண்டுசென்றார். அமெரிக்காவில் இழந்ததை ஆங்கிலேயர் இங்கே ஈடுசெய்துகொண்டனர் என்று சொன்னால் அது மிகையாகாது.

விடுபட்டவர் யார்?

மனிதர் யாவரும் சமமாகப் படைக்கப்பட்டவர் என்று பிரகடனம் முழங்கியது. அதனை எழுதிய ஜெஃபர்சன் அடிமைகளை வைத்திருந்தார். அன்று அக்குடியேற்றங்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் அடிமை. அவர்களுக்குச் சட்டப்படி விடுதலை கிட்ட 1865 வரை, அதாவது 89 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியதாயிற்று. மிசிசிப்பி ஆறுவரையுள்ள நிலத்தைப் புதிய நாட்டுக்கு எழுதிக்கொடுத்தபோது, அங்கு வாழ்ந்த பழங்குடியினரை யாரும் கேட்கவில்லை. இந்தப் பக்கத்திலோ, குதிரைப் படைகள் மிதித்த வயல்களில் விளைச்சல் இன்றிப் பஞ்சத்தில் வீழ்ந்த கருநாடகத்துச் சிற்றூர் மக்களின் பெயர் எந்த உடன்படிக்கையிலும் இல்லை. பாராட்ட வேண்டியதைப் பாராட்டிக் கேட்க வேண்டியதைக் கேட்பதே வரலாற்றுக் கல்வி. ஒன்றை விட்டு மற்றொன்றைக் கற்றால் அது பாதிக் கல்வியாகும்.

இவ்வளவையும் நாம் ஓர் மாலையில் சொல்லி முடிக்கவில்லை. மூன்று மாலைகள் ஆயின. மூன்றாம் நாள் அம்மாணவி புத்தகத்தை மூடிவைத்து, ஐந்து வினாக்களுக்கும் தன் சொந்த நடையில் விடை கூறினாள். ஆண்டுகள் தப்பவில்லை. இறுதியில், கடலூரில் ஜூன் மாதம் இறந்தவர்களின் வீட்டாருக்குச் சமாதானம் ஜனவரியிலேயே ஆகிவிட்டது என்பது பிறகாவது தெரிந்திருக்குமா என்று கேட்டாள். அவ்வினா எந்தத் தேர்வுத் தாளிலும் வராது. எனினும் வரலாறு அவள் உள்ளத்தில் இறங்கிவிட்டது என்பதற்கு அதனினும் நல்ல சான்று நமக்குத் தேவைப்படவில்லை.

அன்பார்ந்த பெற்றோர்களே! தேர்வுக்கு முந்திய இரவில் பிள்ளைகளிடம் எத்தனை பக்கம் முடிந்தது என்று கேளாதீர்கள். ஏன் நடந்தது என்று கேளுங்கள். விடுமுறை நாளொன்றில் அவர்களைப் புதுவையின் பழைய நகருக்குள் அழைத்துச் செல்லுங்கள். புஸ்ஸி வீதி, சுஃப்ரேன் வீதி, லாலி தொலாந்தால் வீதி என்று பெயர்ப்பலகைகள் நிற்கின்றன. ஒவ்வொன்றின்முன்னும் நின்று, இவர் யார், எதற்காக இங்கு வந்தார், இவரால் யார் வாழ்ந்தார், யார் வீழ்ந்தார் என்று கேளுங்கள். அமெரிக்க வரலாற்றுக்கு அதைவிடச் சிறந்த மீள்பார்வை வேறில்லை.