இசைவு என்னும் சொல்

ஆங்கிலத்தில் 'ஆர்மோனியஸ்' என்றொரு பெயரடை உண்டு. இனிய பாட்டையும், பூசலற்ற குடும்பத்தையும் அச்சொல்லாலேயே சிறப்பிப்பர். 'இசைவான' என நாம் அதனைத் தமிழ்ப்படுத்துகிறோம். அஃது இசையரங்கிற் பிறந்த சொல் என்றே பலரும் எண்ணுவர். உண்மையில் அதன் பிறப்பிடம் தச்சுப்பட்டறையே.

கிரேக்க மொழியில் 'ஆர்மோஸ்' என்பது மூட்டுவாய். அதன் வழிவந்த 'ஆர்மோனியா' என்பது மரங்களைப் பிணைக்கும் இணைப்பு. ஓமரின் ஒதிசிக் காப்பியத்து ஐந்தாம் பகுதியில், தீவொன்றிற் சிக்கிய தலைவன் மரம் வெட்டித் தெப்பம் கட்டுகிறான். அம்மரங்களை முளையடித்து இறுக்குமிடத்தில் இச்சொல் வருகிறது. இணைப்பு என்னும் இப்பொருளிலிருந்தே மாந்தரின் உடன்பாடு, சுரங்களின் பொருத்தம் எனப் பிற பொருள்கள் கிளைத்தன. இலத்தீன், பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டில் 'ஆர்மோனியஸ்' ஆங்கிலத்திற் புகுந்தது. பாரிஸ் நகரத்து அலெக்சாந்தர் தெபேன் 1842இல் காப்புரிமை பெற்ற ஆர்மோனியமும் இப்பெயர் வழியினதே. நம் நாடக மேடைகளில் ஒலித்த பெட்டி அக்கருவியின் வழித்தோன்றலாகும்.

தமிழின் நிலையும் வியத்தற்குரியது. 'இசைதல்' என்றால் பொருந்துதல், உடன்படுதல், 'இசை' என்றால் பாட்டு, புகழும் இசையே. திருக்குறளின் 24ஆம் அதிகாரமாகிய 'புகழ்' அச்சொல்லை அப்பொருளில் ஆள்கிறது. கிரேக்கச் சொல்லுக்கும் தமிழ்ச் சொல்லுக்கும் உறவில்லை; ஆயினும் இரு மொழியும் பொருத்தத்தையும் பாட்டையும் ஒரு சொல்லுள் அடக்கின.

சாத்தாம் தீவில் 1883இல் மர அறுவை ஆலை எழுந்த அந்தமானில் வாழும் நமக்கு இவ்வரலாறு எளிதில் விளங்கும். ஒரு மரத்தில் துளையும், மறு மரத்தில் அதற்கேற்ற முனையும் அமைந்தாலன்றி மூட்டுவாய் இல்லை. இரண்டையும் ஒரே வடிவாக இழைத்துவிட்டால் அவை அருகருகே கிடக்குமேயன்றிப் பிணையமாட்டா.

தொல்குடிகள் வாழ்ந்த இத்தீவுகளுக்குப் பர்மாவிலிருந்து கரேன் மக்கள் 1925இல் வந்தனர்; கிழக்கு வங்கத்து அகதிகள் 1949 முதல் குடியேறினர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின் தாயகம் திரும்பிய இலங்கைத் தமிழருட் சிலர் கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் அமர்ந்தனர். 2011 கணக்கெடுப்பில் இங்கு வாழ்ந்தோர் 3,80,581 பேர். இத்தனை மொழியினர்க்கும் இந்தி பொதுப்பேச்சாயிற்று. நம் பிள்ளைகளும் அதனைச் செவ்வனே பேசுகின்றனர், அது நன்றே. ஆனால் வீட்டிலும் தமிழ் ஒலியாதொழியின், பிறரோடு இசைவதற்கு நம்பால் எம்முனை எஞ்சும்? இசைவு என்பது தன்னை இழத்தல் அன்று. தன் வடிவோடு பிறரைத் தழுவுதலே. ஆதலின் பிள்ளைகட்குத் தமிழ் எழுத்தறிவிப்போமாக!