விரல்களைக் காத்த கொக்கி

சரக்கு ரயிலின் இரண்டு பெட்டிகள் மோதித் தாமே கோத்துக்கொள்வதை நீங்கள் பார்த்திருக்கலாம். நடுவே ஆள் நிற்பதில்லை. 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவிலோ அங்கே ஓர் ஆள் நின்றே தீரவேண்டும்.

அக்காலத்து இணைப்பு, ஒரு நீண்ட இரும்பு வளையமும் ஒரு முளையும்தான். வண்டி நகர்ந்து வரும்போதே பிரேக்மேன் இடையில் நின்று, வளையத்தைக் கையால் தூக்கி எதிர்ப்பெட்டியின் குழிக்குள் செலுத்தி, மேலிருந்து முளையைச் செருகவேண்டும். கையை எடுக்கக் கணம் தாமதித்தால் விரல் போயிற்று. கால் இடறினால் உயிரே போயிற்று. வேலை கேட்டு வருபவனின் விரல் குறைந்திருந்தால், அதுவே அனுபவத்துக்குச் சான்றாகக் கருதப்பட்டதாம்!

மாற்று வழி இல்லாமலில்லை. 1873-இலேயே ஈலை ஜானி என்பவர் தானே கோத்துக்கொள்ளும் கொக்கிக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். உங்கள் இரு கைவிரல்களையும் மடக்கி ஒன்றில் ஒன்றை மாட்டி இழுத்துப் பாருங்கள். அதன் தத்துவம் விளங்கிவிடும். கழற்றுவதற்குப் பக்கத்திலிருந்தே ஒரு நெம்புகோலை இழுத்தால் போதும்.

ஆனால் கொக்கிக்குப் பணம் வேண்டும், விரலுக்கு வேண்டியதில்லை. பிரேக்மேன்களின் சங்கமும், லோரென்சோ காஃபின் என்ற அயோவா விவசாயியும் ஆண்டுக்கணக்காக மன்றாடினார்கள். 1888 ஜூனில் முடிந்த ஓராண்டில் மட்டும் 2,000-க்கு மேற்பட்ட ரயில் ஊழியர்கள் மாண்டனர். 20,000-க்கு மேற்பட்டோர் காயமுற்றனர். போர்க்களத்துச் சிப்பாய்க்கு உள்ள ஆபத்து இவர்களுக்கும் உள்ளது என்று குடியரசுத் தலைவர் ஹாரிசன் 1889-இல் காங்கிரசிடம் முறையிட்டார். 1893-இல் சட்டம் வந்தது. கெடு 1900 ஆகஸ்டு வரை நீண்டது.

அந்த ஆகஸ்டிலேயே யூட்டாவில் ஒரு பிரேக்மேன் கையை இழந்தார். எஞ்சினில் ஜானி கொக்கி. உணவுப் பெட்டியில் வேறுவகைக் கொக்கி. இரண்டும் தானியங்கிதான், ஆனால் ஒன்றோடொன்று சேரமாட்டா! எனவே அவர் நடுவே போகவேண்டியதாயிற்று. 'இரண்டும் தானியங்கிதானே, சட்டத்தை மீறவில்லையே' என்று வாதிட்டது கம்பெனி. கீழ்நீதிமன்றங்கள் அதை ஏற்றன. எஞ்சின் என்பது 'பெட்டி' ஆகாது என்றுகூடச் சொல்லப்பட்டது. 1904-இல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளிற்று. எஞ்சினும் பெட்டியே, எதிரே வரும் கொக்கியோடு, ஆள் நடுவே போகாமல் தானே சேர்ந்தால்தான் அது சட்டம் கேட்ட கொக்கி.