கழலையும் கண்ணாடி வில்லையும்

கழுத்திலே ஒரு கழலை. வலி இல்லை, ஆனால் வற்றவும் இல்லை. "நெறி கட்டியிருக்கிறது, தானே கரையும்" என்பார் ஒருவர். "கண்டமாலை" என்பார் மற்றொருவர். "தெய்வக் குற்றம்" என்பார் வேறொருவர். மூவரும் பெயர் சூட்டிவிட்டனர். ஆனால் கழலைக்குள்ளே கண் செலுத்தியவர் எவருமில்லை! காணாமல் சூட்டும் பெயர் கதி காட்டாது என்பதை மருத்துவ உலகமே நூறாண்டுக்கு மேல் இடறி விழுந்துதான் கற்றது. அந்த வரலாற்றை நாம் அறிதல் வேண்டும்.

1832 ஆம் ஆண்டு. இலண்டன் கய் மருத்துவமனையில் பணியாற்றிய தாமஸ் ஹாட்ஜ்கின், நிணநீர்ச் சுரப்பிகளும் மண்ணீரலும் வீங்கி மாண்ட எழுவரைப் பற்றி எழுதினார். அவருக்குக் கத்தி இருந்தது, கூரிய கண் இருந்தது. நுண்ணோக்கியின் துணை இல்லை. 1865 இல் சாமுவேல் வில்க்ஸ் அந்நோய்க்கு ஹாட்ஜ்கின் பெயரையே சூட்டினார். ஆனால், காத்துவைக்கப்பட்டிருந்த பழைய திசுக்களை 1926 இல் நுண்ணோக்கியின் கீழ் வைத்தபோது தெரிந்தது என்ன? சிலருக்கு அந்நோய்தான், எல்லோருக்கும் அன்று! வீக்கம் ஒன்றுபோல் இருந்தது. நோய் ஒன்றாக இல்லை.

வியன்னாவின் கார்ல் ஸ்டெர்ன்பெர்க், 1898 இல் அந்நோய்க்குரிய பேருருவ உயிரணுக்களை விளக்கினார். எனினும் அதனைக் காசநோயின் ஒரு வடிவமென்றே கருதினார். 1902 இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வுக்கூடத்திலிருந்த டோரத்தி ரீட் என்னும் இளம்பெண் மறுத்தார். ஆந்தை விழிகள்போல் இரு கருக்கள் கொண்ட அந்த உயிரணுவைத் தெளிவாக வரைந்து காட்டி, இது காசநோய் அன்று என்றார். இன்று அந்த உயிரணு இருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது. ஆனால் பெண்ணென்ற காரணத்தால் உயர்பதவிக்கு வழியில்லை எனக் கண்டு, அவர் அந்த ஆய்வுக்கூடத்தை விட்டே வெளியேறினார். உண்மையை ஏற்றனர்; உரைத்தவருக்கு இடமளிக்க மறுத்தனர்!

ஹாட்ஜ்கின் நோய் தனித்து நின்றது. எஞ்சிய நிணநீர்ப் புற்றுகளை எவ்வாறு பிரிப்பது? 1956 இலும் 1966 இலும் ஹென்றி ரப்பபோர்ட் இரண்டு கேள்விகள் கேட்டார். உயிரணுக்கள் முடிச்சு முடிச்சாகத் திரண்டுள்ளனவா, எங்கும் பரவியுள்ளனவா? உயிரணு சிறிதா, பெரிதா? பயன்மிக்க முறைதான். ஆனால் அதில் ஒரு பிழை ஒளிந்திருந்தது. பெரிய உயிரணுக்களை அவர் ஹிஸ்டியோசைட்டு, அதாவது திசுக்களின் கழிவை விழுங்கும் உயிரணு, என்று கொண்டார். அவற்றுள் மிகப்பல, தூண்டுதலால் பருத்த நிணநீர் உயிரணுக்களே! உருவம் பெருத்ததால் குலமே வேறென்று எண்ணிவிட்டனர்.

திருத்தியது யார்? 1974 இல் ஜெர்மனியின் கீல் நகரில் கார்ல் லென்னர்ட்டும், அமெரிக்காவில் லூக்ஸ், காலின்ஸ் இருவரும், பி உயிரணுவா டி உயிரணுவா என்று பிறப்பிடத்தை நோக்கிப் பிரித்தனர். ஆளுக்கொரு முறை, ஊருக்கொரு பெயர் என்று குழப்பம் வளர்ந்தது. 1982 இல் ஆறு வகைப்பாடுகளை ஒப்பிட்டு ஒரு பொதுமொழி வகுத்தனர். 1994 இல் பத்தொன்பது அறிஞர்கள் தோற்றம், மேற்பரப்புப் புரதம், மரபணு மாற்றம், நோயின் போக்கு ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்த்தனர். 2001 இல் உலக நலவாழ்வு நிறுவனம் அந்த நெறியை ஏற்றது.

இதெல்லாம் ஏட்டுச் சண்டைதானே என்று கேட்கலாம். அன்று, தோழர்களே! 1997 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ரிட்டுக்சிமாப் என்னும் மருந்து, பி உயிரணுவின் மேலுள்ள சிடி20 என்னும் புரதத்தைத் தேடிப் பற்றுவது. அந்தப் புரதம் இல்லாத புற்றுக்கு அம்மருந்தால் பயனில்லை. பெயர் பிழைத்தால் மருந்து பிழைக்கும். மருந்து பிழைத்தால் மனிதன் பிழைப்பதெப்படி?

2022 இலும் இருவேறு குழுக்கள் இருவேறு வகைப்பாடுகளை வெளியிட்டன. அறிவியல் தடுமாறுகிறது என்று நகைப்பார் சிலர். தடுமாற்றமன்று அது, புதிய சான்று வந்ததும் பழைய பெயரை மாற்றத் துணியும் நேர்மை! ரப்பபோர்ட்டின் பிழையைத் திருத்தியவர்கள் அவரைத் தூற்றவில்லை. அவர் நிறுத்திய இடத்திலிருந்து நடந்தார்கள்.

ஆகவே, கழுத்தில் கழலை கண்டு அது வாரக்கணக்கில் கரையாதிருந்தால், பெயர் சொல்வோரை நாடாதீர். திசுவெடுத்துப் பார்ப்போரை நாடுங்கள். பார்த்தபின் பேசுவதே பகுத்தறிவு!